தப்பையை அவிழ்க்காதே

அன்பு மகன் சவரிமுத்துவுக்கு, சாந்தோம் குப்பத்திலிருந்து உன் அம்மா எழுதுவது. மலை மாதா உன்னையும் மருமகள் தெரேசாளையும் பேத்தியையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அவற்றைச் சொல்லாமல் எனக்குக் கடிதம் ஆரம்பிக்க வராது. உன் அக்காவின் மூத்த மகன் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டான். நம் குப்பத்தில் அந்தப் பரீட்சை தேறிய முதல் பிள்ளை அவன்தான். தேறாத பிள்ளைகள் இருக்கிற வீட்டு வாசல் வழியாகவும் அவனை ஒரு தடவை நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாமவனை டிராம் கொட்டகையில் பிட்டர் வேலை பழக எடுத்துக்கொண்டார்கள். காக்கிச் சட்டையோடு கோயிலுக்கு வருகிறான், நான்தான் வரச் சொன்னேன். அவர்கள் தங்கை கன்னியர் மடத்துப் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கினாள். கடைக்குட்டி பெரிய பூசையில் லத்தீன் பாட்டைத் தனியாக நின்று பாடினான். அர்த்தம் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ஆனால் சாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உன் மகள் ரங்கூன் பள்ளியில் இங்கிலீஷ் பாடம் ஒப்பிப்பதில் முதலாவதாக வந்தாள் என்று நீ எழுதியதை, யாருக்கெல்லாம் சொல்லலாமோ அவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று. சொல்லியிருக்கக் கூடாதவர்களுக்கும் சொல்லியாயிற்று.

இந்த வாய் இப்படித்தான், உனக்குத் தெரியும். இந்த வாய் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முந்தாநாள் உனக்கு ஒரு தந்தி கொடுத்தேன். நம் கோயில் உபதேசியாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தபாலாபீசுக்குப் போய், ‘தப்பையை அவிழ்க்காதே, கடிதம் வருகிறது’ என்று மட்டும் அடிக்கச் சொன்னேன். காரணத்தைத் தந்தியில் சொல்ல முடியாது. கடிதத்திலும் சொல்ல வருமா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் சொல்லாவிட்டால் தெரேசாளின் கால் போய்விடும்.

நீ எழுதியிருந்தாய். தெரேசாள் வீட்டு மரப்படியில் வழுக்கி விழுந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து ஐந்து வாரம் ஆகிறது. அங்கே இருக்கிற ஒரு கட்டுக்காரர் மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது, அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நீ அவரை நம்பவில்லை. ‘கட்டுக்காரன் பேச்சைக் கேட்டு என் கால் போனது போதும் அம்மா. கிறிஸ்துமஸ் பூசைக்கு இவளை நடத்திக் கூட்டி வருவேன் என்று இங்கே கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். வருகிற வாரம் தப்பையை அவிழ்க்கப் போகிறேன். நீ மலை மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வை, நீ வைத்தால் பலிக்கும்’ என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது என் பிள்ளை எழுதியது போல் இல்லை. நானே எழுதியது போல் இருந்தது.

நான் நேர்ச்சை வைக்க மாட்டேன், நைனா. தப்பையை நீ அவிழ்க்கவும் கூடாது. உன் காலைக் கெடுத்தவர் கட்டுக்காரர் இப்ராஹிம் பாய் இல்லை. நான்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. இதே கடிதத்தை இன்னொரு தாளிலும் எழுதி உபதேசியாரிடம் கொடுக்கப் போகிறேன். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் ஜனங்கள் கலைவதற்கு முன் அவர் வாசிப்பார். சாமியாரிடம் உத்தரவு வாங்கிவிட்டேன். பாய் மேல் பழியை நான் ஊர் கேட்கத்தான் சொன்னேன். அது பொய் என்பதையும் ஊர் கேட்கவேண்டும்.

உனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆவணி மாதம். உன் அப்பாவோடு கடலுக்குப் போய்க் கரை திரும்பும்போது அலை கட்டுமரத்தைத் தூக்கி உன் இடது காலின் மேல் போட்டது. கட்டுமரத்துப் பாய்த் துணியில் கிடத்தி நாலு பேர் உன்னைத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் வெட்டிவிடுவார்கள் என்று யாரோ சொல்லி, கச்சேரி ரோட்டுப் பள்ளிவாசலுக்குப் பின்னால் சந்தில் இருந்த இப்ராஹிம் பாயை உன் அப்பா அழைத்து வந்தார். குதிரைச் சேணம் தைக்கிறவர். எலும்பு கட்டுவது அவர் தகப்பன் வழியில் வந்தது. ஜட்கா வண்டிக்காரர்கள் எல்லாம் குதிரைக்கும் அவரிடம்தான் வருவார்கள், தங்களுக்கும் அவரிடம்தான் வருவார்கள். அவர் உன் காலை இழுத்து நேராக்கியபோது நீ என் கையைக் கடித்தாய். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றி, மேலே நாலு தப்பை வைத்துக் கட்டினார். மூன்று மாதம் என்றார். அப்புறம் பழக்குவது எத்தனை நாள் என்பதைக் கால்தான் சொல்லும், நான் சொல்ல முடியாது என்றார்.

அதற்கு அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு துக்கம் விசாரித்தார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் துக்கம் விசாரிக்கிறார்களே என்று எனக்கு ரோசம் வந்தது. இந்த வருஷ மலைத் திருநாளுக்கு என் பிள்ளை தன் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியை ஏந்திக்கொண்டு, யார் கையும் பிடிக்காமல் பரங்கிமலைப் படி அத்தனையும் ஏறுவான், நேர்ச்சை வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அந்த நிமிஷம் வரை நான் எந்த நேர்ச்சையும் வைக்கவில்லை. வாயில் வந்த பிறகுதான் அது நேர்ச்சை ஆயிற்று. மற்றவர்கள், கால் கூடினால் வருகிறோம் தாயே என்று வேண்டிக்கொள்வார்கள். நான் நாள் குறித்து வேண்டிக்கொண்டேன். மாதாவுக்கே கெடு வைத்தேன்.

அந்த மூன்று மாதம் உன்னைப் பார்த்துக்கொண்டதில் நான் குறை வைக்கவில்லை என்றுதான் ஊரெல்லாம் சொன்னது. ஒரு பக்கமாகக் கிடந்து முதுகு புண்ணாகிவிடாமல் புரட்டிவிட்டேன். தப்பைக்குள் அரித்தால் தென்னங்குச்சியில் துணி சுற்றிச் சொறிந்துவிட்டேன். நீ மூத்திரத்துக்கு மண்சட்டி கேட்க வெட்கப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டபோது, தாயிடம் என்ன வெட்கம் என்று அதட்டினேன். அதட்டியிருக்கக் கூடாது. வெட்கம் உன்னுடையது, அதை உனக்கு விட்டுவைத்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கவேண்டும். தெரேசாளுக்கு நீ அப்படிச் செய். நான் தினமும் விடிந்ததும் உன்னிடம் முதலில் கேட்டது வலி எப்படி இருக்கிறது என்பதல்ல. இன்றைக்கு எப்படி, கொஞ்சம் தேவலையா என்பது. தேவலை என்று சொல்லவேண்டிய வேலையையும் உன் தலையில் வைத்தேன். பல நாள் நீ எனக்காகவே தேவலை என்று சொன்னாய் என்று இப்போது தோன்றுகிறது. உன் அப்பா அப்படி எதுவும் கேட்டதில்லை. உன் கால்மாட்டில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டு, இன்றைக்கு யார் கட்டுமரத்துக்கு என்ன மீன் கிடைத்தது, யார் வலை கிழிந்தது என்று பேசிக்கொண்டிருப்பார். நீ சிரித்த சத்தம் அவர் உட்கார்ந்திருக்கிற நேரத்தில்தான் கேட்கும். இந்த மனுஷன் ஒரு வேலையும் செய்யாமல் கதை பேசுகிறாரே என்று நான் முணுமுணுப்பேன். அதுதான் பெரிய வேலை என்று எனக்குத் தெரியவில்லை.

தப்பை அவிழ்த்த பிறகு பாய் சொன்ன பழக்கம் உனக்கு நினைவிருக்கும். குடிசைக்கு முன்னால் நாலு கழி நட்டு இடுப்பு உயரத்தில் இரண்டு கயிறு கட்டச் சொன்னார். கயிற்றுக்கு நடுவே மணலில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, நீ இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். நடந்த பிறகு சுவட்டைப் பார்க்கவேண்டும். வலது பாதம் ஆழமாகப் பதிந்திருக்கும், இடது பாதம் மேலாகப் பதிந்திருக்கும். கால் பாரம் தாங்கத் தாங்க இடது சுவடு ஆழமாகும். ‘ரெண்டு சுவடும் ஒரே ஆழம் ஆகட்டும். அன்னிக்குத்தான் கயித்த வுடணும். அதுக்கு முன்ன படி, மேடு ஒண்ணும் வேணாம்’ என்றார். நீ குனிந்து பார்த்தால் விழுந்துவிடுவாய் என்று அளக்கிற வேலையை என்னிடம் விட்டார். சுவட்டுக்கு ஒரு ஈர்க்குச்சியாக ஊன்றி, நகத்தால் அடையாளம் வைத்து, இரண்டையும் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

முதல் பத்து நாள் உண்மையைச் சொன்னேன். அப்புறம் மலைத் திருநாள் நெருங்கிவிட்டது. மார்க்கெட்டில் என் பக்கத்துக் கூடைக்காரி அன்னம்மாள், அவள் வாய் உனக்குத் தெரியும், ஒரு நாள் வாங்க வந்தவர்கள் எல்லாம் கேட்கும்படி சொன்னாள். “இன்னாக்கா, உம் புள்ள மலை ஏறப் போறானா, இல்ல மலையே எறங்கி உன் குடிசைக்கு வரப் போவுதா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சுவட்டை அளந்தபோது இடது குச்சி வலதில் பாதிகூட வரவில்லை. நான் குச்சியை ஒடித்துப் போட்டுவிட்டு, முக்கால் வந்துவிட்டது நைனா என்று உன்னிடம் சொன்னேன். உன் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? அந்த முகத்தைப் பார்த்த பிறகு மறுநாள் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல நீ நம்பி, கயிற்றை இலேசாகப் பிடிக்க ஆரம்பித்தாய். அதைப் பார்த்து எனக்கே என் பொய் நிஜம் என்று தோன்ற ஆரம்பித்தது.

உன் அப்பாவுக்குச் சந்தேகம் இருந்தது. “மாதாவுக்கு இன்னா அவசரம்? அடுத்த வருசமும் மலை அங்கியேதான் கெடக்கும்” என்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்றத் தெரியாத வீட்டில் வந்து விழுந்தேனே என்று நான் போட்ட சத்தத்தில் அவர் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார். அவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அதைப் பற்றி அவர் அப்புறம் என்னிடம் ஒரு நாளும் பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

திருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம். உன்னை உன் அப்பா வண்டியில் வைத்து முடி வெட்டக் கூட்டிக்கொண்டு போயிருந்தார், மறுநாள் மலைக்கு அழகாகப் போகவேண்டும் என்று. அந்த நேரம் பார்த்து இப்ராஹிம் பாய் வந்தார். யாரோ வண்டிக்காரர் சொல்லி நேர்ச்சை விஷயம் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. காலையில் நீ நடந்த சுவடு கயிற்றுக்கு நடுவே அப்படியே இருந்தது. அவர் உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்தார். வலதில் விட்டார், இடதில் விட்டார், மறுபடி வலதில் விட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

“பாதிகூட வர்லியேம்மா. இன்னும் நாப்பது நாளாவுது வேணும். நாளைக்குப் படியில ஏத்துனா அதே எடத்துல ஒடஞ்சிடும். ரெண்டாவது தபா ஒடஞ்சா என்னால ஆவாது, எவனாலயும் ஆவாது. புள்ளையாண்ட சொல்லிடு.”

சொல்லிவிடுகிறேன் பாய் என்றேன். அவருக்கு மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

நீ வந்ததும் உன்னிடம் நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். பாய் வந்தார், சுவட்டைப் பார்த்தார், ரெண்டும் சரியாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார் என்றேன். நீ அவர் இருந்த திக்கைப் பார்த்துக் கும்பிட்டாய்.

மறுநாள் நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் படிக்கு மேல் நீ ஏறினாய். ஊன்றுகோலை வண்டியிலேயே ஒளித்து வைத்திருந்தேன். மெழுகுவர்த்தியை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் விழும்போது உன்னால் எதையும் பிடிக்க முடியவில்லை. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, நைனா. காய்ந்த விறகு ஒடிகிற மாதிரி. ஆனால் அதற்குப் பிறகு நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. உன்னைக் கீழே தூக்கிக்கொண்டு போனார்கள். நான் தண்ணீர் தேடிப் போனேன் என்று உன்னிடம் சொன்னேன். நான் தண்ணீர் தேடிப் போகவில்லை. மேலே போனேன். நீ ஏறி முடித்ததும் மாதா பாதத்தில் கட்டுவதற்காக வெள்ளியில் ஒரு கால் செய்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். அதைக் கட்டாமல் இறங்கினால் அன்னம்மாள் முகத்தில் எப்படி முழிப்பது என்று, கீழே நீ கத்துகிற சத்தம் காதில் விழ விழ, மீதிப் படியை ஏறி அதைக் கட்டிவிட்டு இறங்கினேன். கட்டினேன் என்று மலைக் கோயில் வாசலில் நின்ற இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

கீழே வந்ததும் ஜனங்கள் சூழ்ந்துகொண்டு, கட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் போகலாம் என்று சொன்னதால்தான் கூட்டி வந்தேன், பாவி மனுஷன் இப்படிச் செய்துவிட்டாரே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அழுகை நிஜம்தான். அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள். அடுத்த ஞாயிறு குப்பம் முழுக்க அதையே சொன்னது. ஜட்காக்காரர்கள் வரைக்கும் போயிற்று. ஒரு வருஷத்துக்குள் அவரிடம் கை கால் என்று போகிறவர்கள் நின்றுபோனார்கள்.

சேதி கேட்டு அவர் உன்னைப் பார்க்க வந்தார். நீ படுத்த படுக்கையில் இருந்தபடியே, வெளியே போ என்று கத்தினாய். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாசலில் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். நான் குனிந்து சுரண்டிக்கொண்டே இருந்தேன். செதிலே இல்லாத இடத்தையும் சுரண்டினேன். அவர் செருப்பு மணலில் போகிற சத்தம் நின்ற பிறகுதான் நிமிர்ந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. கால் ஊனமானதால் நீ கடலுக்குப் போகவில்லை. கடலுக்குப் போகாததால் கணக்கெழுதப் படித்தாய். படித்ததால் ரங்கூன் அரிசி மில்லில் ரைட்டர் ஆனாய். பார், மாதா ஒரு கதவை அடைத்து ஒரு கதவைத் திறந்தாள் என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். உன் உத்தியோகத்தை என் பொய்க்கு முட்டாகக் கொடுத்தேன். நீ கஷ்டப்பட்டுப் படித்தது உன் சாமர்த்தியம், அதில் எனக்குப் பங்கில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிடும்போதெல்லாம், கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வருவேன். எந்தப் பொய் என்று சாமியார் கேட்டதில்லை. பதினாறு வருஷம் அந்த ஒரு வார்த்தைக்குள் இதை ஒளித்து வைத்திருந்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் இப்ராஹிம் பாயைப் பார்க்கப் போனேன். தந்தி கொடுக்கப் போவதற்கு முன்னால். அதே சந்து, அதே வீடு. சேணம் தைத்துக்கொண்டிருந்தார். தாடி வெளுத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார், ஆனால் தையலை நிறுத்தவில்லை. வழி தப்பி வந்துவிட்டாயா என்றார். நான் நின்றபடியே தெரேசாள் விழுந்ததையும், நீ தப்பையை அவிழ்க்கப் போவதையும் சொன்னேன். ஐந்து வாரத்தில் அவிழ்த்தால் எலும்பு கூடியிருக்காது, உடனே சேதி அனுப்பு என்றார். கூடுகிற எலும்பு முதலில் பச்சைக் கொடித்தண்டு மாதிரி வளையும், அப்புறம்தான் கட்டையாகும், அதுவரை தவறிக்கூட அதன் மேல் பாரம் போகக் கூடாது என்று விவரமாகச் சொன்னார். பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

“என்னாண்ட சொல்லி இன்னாம்மா ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. அன்னிக்கு யார் யாராண்ட சொன்னியோ, அவுங்களாண்ட சொல்லு.”

ஏன் அன்றைக்கே உண்மையை ஊரில் சொல்லவில்லை பாய் என்று கேட்டேன். தாய் பேச்சை நம்புகிற பிள்ளையிடம் போய் உன் தாய் பொய்க்காரி என்று எப்படிச் சொல்வது, படுக்கையில் கிடக்கிறவனுக்குத் தாயும் இல்லாமல் போய்விட்டால் யார் பார்ப்பார்கள் என்றார். சவரி, அதைக் கேட்டு நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆகையால் இனி நீ செய்யவேண்டியது இதுதான். அங்கே இருக்கிற கட்டுக்காரரிடம் நீயே போய், சந்தேகப்பட்டது என் பிசகு என்று சொல். அவர் எத்தனை நாள் என்கிறாரோ அத்தனை நாள். கோயிலில் கிறிஸ்துமஸுக்கு நடத்திக் கூட்டி வருகிறேன் என்று யாரிடமெல்லாம் சொன்னாயோ, அவர்களிடமெல்லாம் வரமாட்டாள் என்று சொல்லிவிடு. நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நான் சிரிப்புக்குப் பயந்து என்ன செய்தேன் என்று உனக்குத்தான் தெரிந்துவிட்டதே. தெரேசாள் படுத்திருக்கிற இடத்திலேயே அரிசி பொறுக்கவோ, தைக்கவோ ஏதாவது கொடு. சும்மா கிடக்கிறவர்களுக்குத்தான் நாள் நகராது. பழக்க ஆரம்பித்த பிறகு அவளால் முடிந்ததைக் கூட்டியும் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே. அவள் அழுதால் அழட்டும். தேவலையா என்று கேட்காதே. பக்கத்தில் உட்கார்ந்து மில்லில் நடந்ததைச் சொல்லு. உன் அப்பா மாதிரி. என் மாதிரி இருக்காதே.

என் மேல் உனக்கு வருகிற கோபத்தை நான் தடுக்கவில்லை. எவ்வளவு நாள் வேண்டுமோ வைத்துக்கொள். பதில் எழுதப் பிடிக்காவிட்டால் எழுத வேண்டாம். ஆனால் ஒன்று மட்டும் அனுப்பு, அது எனக்காகக் கேட்பதல்ல. நான் புறப்படும்போது பாய் கேட்டார்: “உம் புள்ளைக்குச் செருப்பு எந்தப் பக்கம் தேயுது? உள்பக்கமா, வெளிப்பக்கமா?” எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் நீ ஊருக்கு வந்தபோதெல்லாம் உன் செருப்பு என் வாசலில்தான் கிடந்தது, நான் பார்த்ததில்லை. சரி, அவன் நிற்கிற போட்டோ இருந்தால் காட்டு, நிற்கிற தினுசைப் பார்த்தால் சொல்லிவிடுவேன், செருப்பில் ஒரு பக்கம் தோல் வைத்துத் தைத்தால் இடுப்பு வலி குறையும் என்றார். உனக்கு இடுப்பு வலி உண்டா? அதுவும் எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து நீ அனுப்பிய படங்களையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். ஒன்றில் முன்னால் மேஜை. கல்யாணப் படத்தில் தெரேசாளின் புடவை மறைக்கிறது. ஒன்றிலாவது உன் பாதம் இல்லை. கால் தெரியாமல் எடுத்து அனுப்பு, ஊர் பார்க்கும் என்று முதல் படத்துக்கு எழுதியவளே நான்தான்.

ஆகவே புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. தெரேசாளைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதே, படம் பிடிக்கிறவரை வீட்டுக்கு வரச் சொல். அவள் தப்பைக் காலை நீட்டியபடி கட்டிலில் இருக்கட்டும், புடவையால் மூடவேண்டாம். நீ பக்கத்தில் நில். எதையும் பிடித்துக்கொள்ளாமல், நீ எப்போதும் நிற்கிறபடி, இரண்டு பாதமும் செருப்போடு தெரிய நில். ஒரு பிரதி பாய்க்கு, ஒரு பிரதி எனக்கு. படம் வந்ததும் நான் முதலில் பார்க்கப் போவது உன் முகத்தை அல்ல.

உன் அம்மா